தானே பற்றிக்கொண்ட துணி

கடைத்தெருவில் அந்த ஜவுளிக்காரருக்கு ‘மடிப்பு’ என்றுதான் பெயர். நாற்பது துணியை விரித்துக் காட்டச் சொல்லிவிட்டு “அப்புறம் வர்றோம்” என்று எழுந்து போகிறவர்களிடம்கூட முகம் சுளிக்க மாட்டார். அவர்கள் செருப்பு மாட்டுவதற்குள் நாற்பதும் நாலாக மடிந்து, முனைக்கு முனை ஒட்டி, அடுக்கில் ஏறியிருக்கும்.

நெருப்பு என்றால் அவருக்குக் குலை நடுங்கும். “துணியை வெச்சுப் பொழைக்கிறவனுக்கு நெருப்பு சம்பந்தி சண்டை மாதிரி. எங்கேருந்து கிளம்பும்னே தெரியாது” என்பார். வீட்டில் ஒரு பிளக் பாயிண்டில் இரண்டு வயரைச் சொருகினால் அன்று முழுக்கப் பாட்டுதான்.

அந்த ஞாயிறு காலையில் பின்னறை மர அலமாரிக்கு அவரே எண்ணெய் பூசினார். பாலிஷ்காரர் மூன்று வாரமாக இதோ அதோ என்று கடுக்காய் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆளிவிதை எண்ணெயில் கடையின் வெட்டுத் துணிகளை முக்கி முக்கித் தேய்த்ததில் அலமாரி புது மாப்பிள்ளைபோலப் பளபளத்தது. ஒரு டஜன் துணி ஊறிப்போயிருந்தது.

“இந்தக் கந்தலையெல்லாம் வெளிய போடுங்க” என்றாள் மனைவி.

“கந்தலா? அடுத்த வாரம் வாசக் கதவுக்கு ஆகும்.”

பன்னிரண்டையும் நாலாக மடித்து, அட்டைப் பெட்டியில் அடுக்கி, கலையாமல் இருக்க மேலே பழைய போர்வை ஒன்றையும் வைத்து அழுத்தினார். பெட்டி அலமாரிக்கும் அக்காவின் கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்தது.

அக்கா படியில் வழுக்கி விழுந்து, தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டோடு தம்பி வீட்டுக்கு வந்து பத்து நாள். வந்த நாளிலிருந்து புகாருக்குக் குறைவில்லை. ஃபேன் சத்தம் போடுகிறது, தலையணை கல்லாக இருக்கிறது, ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. கூப்பிட்டுக் குரல் வரவில்லையென்றால் டம்ளரில் கரண்டியால் தட்டுவாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் முன்னறையில் பேப்பரோடு சாய்ந்திருந்தார். பின்னறையிலிருந்து குரல் வந்தது.

“தம்பி, நாத்தம் தாங்கல.”

“எண்ணெய் பூசினா எண்ணெய்தான் நாறும். பன்னீரா மணக்கும்?”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். “டேய், இது வேற நாத்தம்டா. எதுவோ கருகுது.”

‘கருகுது’ என்ற சொல்லுக்கு அவர் எழுந்துவிட்டார். நேராகச் சமையலறைக்குப் போனார். அடுப்பு அணைந்திருந்தது, சிலிண்டர் வால்வும் மூடியிருந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. குளியலறையில் வென்னீர் ஹீட்டர் ஸ்விட்ச் அணைந்திருந்தது. செல்போன் சார்ஜரைக்கூடக் காலையிலேயே பிடுங்கி வைத்திருந்தார்.

“டேய் தம்பி...” அக்கா இருமினாள்.

“எல்லாம் பாத்துட்டேன்க்கா. ஒண்ணுமே எரியல. உன் மூக்குதான் வேலையில்லாம கெடக்கு.”

மனைவிகூடச் சிரித்துவிட்டாள். நாலாவது முறை குரல் வரவில்லை. கரண்டி டம்ளரில் ஒரு தடவை தட்டியது. பிறகு டம்ளர் தரையில் உருண்டது. மனைவி எழுந்து போனாள்.

“என்னங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். இருபது வருஷத்தில் அந்தக் குரலை அவர் கேட்டதில்லை.

பின்னறைக் கதவடியில் புகை கசிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தால் அட்டைப் பெட்டி இருந்த இடத்தில் தீ நின்றது. அலமாரியின் பக்கப் பலகையில் ஏறி, ஜன்னல் திரையைப் பிடித்துவிட்டது. அந்த மூலையில் வயர் இல்லை, விளக்கு இல்லை, தீக்குச்சி இல்லை. தீ வர வழியே இல்லாத இடம். அவர் அறை வாசலில் மரம்போல நின்றார். எவ்வளவு நேரம் என்று பிறகு எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை.

மனைவிதான் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு குனிந்து உள்ளே போனாள். மெத்தையின் நுனியைப் பிடித்து இழுத்தாள். “புடிங்க” என்ற பிறகுதான் அவர் கை வேலை செய்தது. அக்காவை மெத்தையோடு இறக்கி இழுத்தார்கள். மாவுக்கட்டு நிலைப்படியில் இடித்தது, அவள் கத்தவில்லை. அதுதான் அவரை உலுக்கியது. கதவைச் சாத்திவிட்டுத் தெருவுக்கு வந்து விழுந்தார்கள்.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. கருகிய பெட்டியின் மிச்சத்தை மண்வெட்டியில் ஏந்தியபடி அதிகாரி வெளியே வந்தார். நடுவில் சில துணிகள் இன்னும் அடுக்குக் கலையாமல் கரியாகி இருந்தன.

“இது என்ன எண்ணெய்?”

“ஆளிவிதை எண்ணெய். ஆனா யாரும் பத்த வைக்கல சார்.”

“பத்த வைக்க ஆளே வேண்டாம். இந்த எண்ணெய் காயறப்ப தானா சூடு விடும். ஒவ்வொண்ணா விரிச்சு வெளிய காயப் போட்டா சூடு காத்தோட போயிரும். இல்லாட்டி தண்ணில முக்கி, மூடி போட்ட தகர டப்பால வெக்கணும். நீங்க மடிச்சு அடுக்கி மேல போர்வை வேற போத்தி விட்டிருக்கீங்க. சூடு எங்க போகும்?”

அவர் தன் கைகளைப் பார்த்தார். அதிகாரி வேறெதுவோ சொன்னார்; காதில் ஏறவில்லை.

எதிர்வீட்டு வாசலில் மெத்தைமேல் அக்கா கிடந்தாள். மூக்கைச் சுற்றிக் கரி. ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

“டேய், கருகுதுன்னு சொன்னேனே. எங்க போன?” தொண்டை கரகரத்தது. கோபமே இல்லை.

“அடுப்பைப் பாக்க.”

“அப்புறம்?”

“இஸ்திரிப் பெட்டி.”

“அப்புறம்?”

“ஹீட்டர்... சார்ஜர்.”

“அதுக்கப்புறமா நான்?”

எவ்வளவு கறாராகப் பேரம் பேசுகிறவருக்கும் ஒரு பதில் வைத்திருப்பவர் அவர். மனதுக்குள் மறுபடி ஒருமுறை வரிசையாக எண்ணினார். சார்ஜரைப் பார்த்துவிட்டுப் பேப்பருக்குத்தான் திரும்பியிருந்தார்.

“வரிசையிலயே நீ இல்லக்கா” என்றார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். “தண்ணி குடு” என்றாள். அவர் எழுவதற்குள் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள்.