மெதுவாகத்தான் விழுந்தது

…வேகமாகப் போய் விழுந்திருந்தால் ஒரு நியாயமாவது இருந்திருக்கும், பஸ்காரன் இடித்தான், நாய் குறுக்கே ஓடியது என்று கேட்கிறவர்களுக்கு எதையாவது சொல்லலாம், நடக்கிற வேகத்தில் போன மோட்டார் சைக்கிள் நின்ற நிலையில் சாய்ந்து விழுந்ததை என்னவென்று சொல்வது, என்று பரீட்சை நடக்கும் பாடசாலைக்கு எதிரே மதகுக் கட்டின் மேல் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தான் இக்னேசியஸ். உள்ளே மகள் அஞ்சலினா உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் எழுதுகிறாள். எழுதுகிறாளா? அந்தக் கையை வைத்துக்கொண்டு எழுத முடியுமா? பாலையூற்றில் வீட்டை விட்டுப் புறப்பட்டதிலிருந்து ஒன்றும் ஆகவில்லை, உட்துறைமுக வீதியில் காற்றுக்கூட நன்றாக இருந்தது, பின்னால் இருந்தவள் ஏதோ பாடத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தாள், உவர்மலை ஏற்றத்தில் திரும்பும்போது முன்னால் போன ஓட்டோ சட்டென்று நின்றது, இவனும் பிரேக் பிடித்தான், கிளச்சை அமர்த்தி இடக்காலால் கியரைக் குறைத்தான், ஒன்றுக்குக் கொண்டுவந்தாயிற்று என்றுதான் நினைத்தான், ஓட்டோ நகர்ந்ததும் கிளச்சை விட்டால் சைக்கிள் இரண்டு தரம் உதறிவிட்டு நின்றுபோனது, கியர் மூன்றிலேயே கிடந்திருக்கிறது, இடப்பக்கம் சாய்ந்தது, காலை ஊன்றினான், ஊன்றினானா… ஊன்றினது போலத்தான்… பிறகு ஆகாயம், பிறகு பின்னாலிருந்து "அப்பா" என்ற சத்தம்.

ஓட்டோக்காரன்தான் இறங்கி ஓடிவந்து சைக்கிளைத் தூக்கினான். "என்னண்ண, நிண்ட இடத்தில விழுறீங்க?" அவன் பகிடியாகக் கேட்கவில்லை, இருந்தாலும் அது எங்கேயோ போய்த் தைத்தது. அஞ்சலினா எழும்பி நின்று வெள்ளைச் சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தாள், வலக்கையால் மட்டும். இடக்கை வயிற்றோடு ஒட்டியிருந்தது. எல்லோருக்கும் வலக்கை எழுதுகிற கை என்றால் இவளுக்கு இடக்கை, சின்ன வயதில் சிஸ்டர்மார் மாற்றப் பார்த்தும் மாறாத கை, விழுகிறபோது அதைத்தானே நிலத்தில் ஊன்றுவாள், வேறு எதை ஊன்றுவாள்? மணிக்கட்டு அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. "ஆசுபத்திரிக்குப் போவமா பிள்ள?" என்றான். "சோதினை தொடங்கப் போகுது அப்பா, கதைக்காம எடுங்க." தலைக்கு நல்ல ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தான், கடைக்காரன் கையுறையையும் எடுத்துக் காட்டியபோது, இந்த வெக்கைக்கு அதை ஆர் போடுறது என்று சிரித்தான். கையுறை போட்டிருந்தால் தோல் உரியாது, மணிக்கட்டு மட்டும் தப்பியிருக்குமா… தப்பியிருக்காது. இதையெல்லாம் இப்போது நினைத்து யாருக்கு என்ன பயன்?

இது முதல் தரம் என்றாலும் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பெற்றோல் செட்டில் ஒருநாள் விழுந்தது, மணல் சறுக்கிவிட்டது என்றான். மீன் பெட்டியோடு வீடு வீடாகப் போகிறபோது கேணியடியில் ஒருநாள் விழுந்தது, சூரை முழுவதும் தெருவில், பெட்டியின் பாரம் என்றான். பிறகு கியரில்தான் பிழை என்று பஹ்மியின் கராஜில் கொண்டுபோய் விட்டான், அவன் கியர் பெட்டியைக் கழற்றித் திரும்பப் பூட்டிவிட்டு, "அண்ண, கியர்ல ஒரு பிழையுமில்ல, நீங்க மெதுவாப் போகக்குள்ள ஒண்டுக்குக் குறைச்சுப் போட்டு ஓடுங்க, இந்தச் செருப்ப விட்டுட்டுச் சப்பாத்தப் போடுங்க" என்றான். மனைவி சீலாவும் அதையேதான் சொல்லுகிறாள். நத்தார்ப் பண்டிகைக்கு அவள் வாங்கி வைத்த சப்பாத்து அலுமாரிக்குக் கீழே பெட்டியோடு கிடக்கிறது. ஐஸ் தண்ணீரில் நிற்கிறவனுக்குச் சப்பாத்து எதற்கு? காலையில் எழும்பினால் கால் விறைத்திருக்கும், அதுவும் ஐஸால்தான், மீன் வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கும், இருக்குமா, யாரையும் கேட்டதில்லை… சீனி வருத்தத்துக்கு, நீரிழிவுக்கு, கிளினிக்கில் கொடுத்த குளிசையை ஒழுங்காகத்தான் போடுகிறான், அதாவது நினைவு வருகிற நாட்களில். இன்றைக்கு மணல் இல்லை. பெட்டியும் இல்லை, பிள்ளையின் சட்டையில் மீன் மணக்கக் கூடாதென்று அதை முதல்நாளே கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வைத்துவிட்டான். கியரும் பிழையில்லை. அப்படியானால்… அதற்கு மேல் நினைப்பு போக மாட்டேன் என்றது, அவனும் அதைப் போகச் சொல்லவில்லை. ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வேலியோரம் வந்து அவனை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. கேற்றடிக்கு எழும்பிப் போனான். "தம்பி, என்ர மகளுக்குக் கை சுகமில்ல, எழுத ஏலுதோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்றீங்களா?" காவலாளி பாவமாகத்தான் பார்த்தான். "உள்ள போகேலாது ஐயா. முடியட்டும்." முடியட்டும். மருத்துவத்துக்குப் போக வேண்டும் என்று இரண்டு வருடமாக மேசையில் தலை வைத்துத் தூங்கிய பிள்ளை, வேறு ஏதாவது ஒரு நாளில் விழுந்திருக்கக் கூடாதா, மாதாவே, பெட்டியோடு, தனியாக, எத்தனை தரம் வேண்டுமானாலும்… திரும்ப வந்து மதகுக் கட்டின் மேல் உட்கார்ந்தான்.

மணி அடித்துப் பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அஞ்சலினா கடைசியில் வந்தாள். யாரோ கொடுத்த கைலேஞ்சியால் மணிக்கட்டைச் சுற்றியிருந்தாள், விரல்கள் பருத்து, வேறொருத்தியின் விரல்கள் போல இருந்தன. "எழுதினியா பிள்ள?" "எழுதினனான்." "முழுக்கவா?" அவள் தெருவைப் பார்த்தாள். "கடைசிக் கேள்விக்கு வலது கையால எழுதிப் பாத்தனான் அப்பா. வாசிக்கிறவைக்கு விளங்குமோ தெரியா." அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பான், அவள் அழவில்லை, அதுதான் அவனை ஒன்றும் செய்ய விடாமல் பண்ணியது, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். "வா, நேர ஆசுபத்திரிக்குப் போவம்" என்று சாவியை எடுத்தான். அவள் நகரவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, உங்கட கால்!" இடது பெருவிரலில் நகம் பாதி பெயர்ந்து நின்றது, இரத்தம் வழிந்து செருப்பில் காய்ந்து கறுத்திருந்தது, ஓரத்தில் எறும்புகள். "இவ்வளவு நேரமும் இதோடயா இருந்தனீங்க? நோகேல்லையா?" நோகுது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான், அப்படிச் சொன்னால்தான் அவள் முகம் பழையபடி ஆகும் போலிருந்தது. குனிந்து விரலால் தொட்டான், நகத்தை மெல்ல அழுத்தினான், பிறகு பலமாக அழுத்தினான். அவள்தான் பல்லைக் கடித்தாள். அவள் படித்த பிள்ளை, இன்றைக்கு எழுதியதே உடம்பைப் பற்றித்தான், அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது. "சைக்கிள் இஞ்ச நிக்கட்டும் அப்பா" என்றாள் மெதுவாக. "ஓட்டோவில போவம். ரெண்டு பேரும் காட்டுவம்." ஓம் என்றான். சாவியை அவள் வலக்கையில் கொடுத்தான். இந்தக் கால் கடைசியாக நொந்தது எப்போது, முள்ளோ கல்லோ ஏதாவது குத்தி, ஆ என்று ஒருநாளாவது கத்தியிருப்பானே, எங்கே, எந்த நாள்… அவள் கைகாட்டி ஓட்டோவை நிறுத்தி ஏறச் சொல்லும்வரை யோசித்தான், ஒன்றுகூட நினைவில் வரவில்லை.