ஃபீனின் சமையலறை நாற்காலி

விழு. ஒரே ஒரு தடவை, எல்லோரும் பார்க்க விழு.

கால்வாயின் வளைவில் தம்பி மனைவி ஃபீன் வருவதைப் பார்த்தபடி ஹிஸ்கே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஃபீன் விழவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ யோசனையில் நடப்பவளைப் போல, உறைந்த தண்ணீரின் மேல் சறுக்கிக்கொண்டு வந்தாள். ஹிஸ்கே கரையில் நின்றாள். கையில் தம்பி சீபேயின் கோட்டு, அதன்மேல் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவருடைய கோட்டுகள். காலடியில் பட்டாணி சூப் குடுவை வைத்த பை.

பையின் அடியில், துண்டில் சுற்றி, அவளுடைய சறுக்குக் காலணிகள் இருந்தன. அது யாருக்கும் தெரியாது. கால்வாய் உறைந்து இன்று மூன்றாம் நாள். நாளை மேற்குக் காற்று வரும், உருகத் தொடங்கும் என்று காலையில் வானொலி சொல்லியிருந்தது. மறுபடி உறைய எத்தனை வருடமோ.

ஒன்பது வயதில் இதே இடத்தில் விழுந்தாள். வலி அதிகமில்லை, சுற்றி நின்றவர்களின் சிரிப்புதான் அதிகம். மறுநாள் கணுக்கால் சரியில்லை என்றாள். முப்பத்தெட்டு வருடமாக அது சரியாகவே இல்லை. நடக்கப் பழகும்போதே சறுக்கவும் பழகிவிடும் ஃப்ரீஸ்லாந்தில் பிறந்த ஒருத்திக்குச் சறுக்கத் தெரியாமல் இருக்கும் என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை. பெரியவளான பிறகு வாங்கிய அந்தக் காலணிகளின் அலகை ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் தீட்டக் கொடுப்பாள். கால் சரியானதும் இறங்கிவிடுவேன் என்று கடைக்காரரிடமும் சொல்வாள்.

ஃபீன் தெற்கே, உறைய ஒரு கால்வாய்கூட இல்லாத மேட்டுப் பகுதியிலிருந்து வந்தவள். சீபேயைக் கல்யாணம் செய்துகொண்டு அடுத்த வீட்டுக்கு வந்த முதல் குளிரில், சமையலறை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் இருந்த வாய்க்காலில் இறங்கினாள். இங்கே நான்கு வயதுக் குழந்தைகள்தான் பிடிமானத்துக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சறுக்கப் பழகும். அவளுக்கு முப்பத்தாறு வயது. "நாற்காலிய எங்க வாக்கிங் கூட்டிட்டுப் போற?" என்று முதலில் கேட்டது ஹிஸ்கேதான்.

"வீட்லயே உக்காந்து அதுக்குப் போரடிச்சுப் போச்சாம்," என்றாள் ஃபீன். சொல்லி முடிப்பதற்குள் விழுந்தாள்.

அந்த வாரம் அவள் விழுந்ததையெல்லாம் மாடி ஜன்னலில் நின்று ஹிஸ்கே எண்ணினாள். முதல் நாள் இருபத்திரண்டு. ஐந்தாம் நாள் நான்கு. எண்ணிக்கை குறைந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டாள். தண்ணீர் உறையாத வருடங்களில் ஃபீன் வியாழக்கிழமைதோறும் பேருந்து பிடித்து நகரத்துப் பனிச்சறுக்கு உள்ளரங்கத்துக்குப் போய், பள்ளிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று பழகினாள். இப்படி ஏழு வருடம்.

போன மாதம் சீபேயின் பிறந்தநாள். வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஹிஸ்கேவுக்குக் கிடைத்தது ஆடியது. காபி மடியில் சிந்தியது. குனிந்து பார்த்தாள். ஃபீன் வாய்க்காலில் தள்ளிப் பழகிய அதே நாற்காலி; அதன் கால்களின் நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. கேக்கைத் தட்டோடு கீழே வைத்துவிட்டாள். ஃபீன் அழகாகச் சறுக்குவதைக்கூட எப்படியோ பொறுத்துக்கொண்டிருந்தாள். அந்த இருபத்திரண்டை அவளால் பொறுக்க முடியவில்லை. யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல் விழுந்துவிட்டு, பின்புறத்தைத் தட்டிக்கொண்டு எழுந்தாளே, அது தன்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்று பட்டது. தன் வீட்டிலிருந்து எடுத்துப் போனதுபோல.

ஃபீன் கரையருகே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. மூக்கு சிவந்திருந்தது, அதுவும் அவளுக்குப் பொருந்தித் தொலைத்தது. அடுத்த ஊர்க் காற்றாலை வரை எல்லோரும் போகிறார்களாம், திரும்ப இரண்டு மணி நேரம் ஆகுமாம். வியர்க்கிறது என்று கோட்டைக் கழற்றி வழக்கம்போல நீட்டினாள்.

"இதையும் பிடிச்சுக்கோ ஹிஸ்கே. நீ இல்லன்னா எங்க பாடு திண்டாட்டம்தான்."

ஹிஸ்கே கையை நீட்டவில்லை. தன்னிடமிருந்த கோட்டுகளை ஒவ்வொன்றாக வேலியில் மாட்டினாள்.

"என்ன, கால் வலிக்குதா?"

"கால்ல ஒண்ணும் இல்ல. எப்பவுமே இருந்ததில்ல."

குனிந்து சூப் குடுவையை எடுத்துப் புல்லில் வைத்தாள். பைக்குள் துண்டும், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அலகின் நுனியும் தெரிந்தன. ஃபீன் அதைப் பார்த்தாள். நீட்டிய கோட்டு இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"வேலியில இடம் இருக்கு ஃபீன், அங்க மாட்டிடு," என்றாள் ஹிஸ்கே. "இன்னைக்கு நான் பிடிச்சுக்க மாட்டேன்."