கடைசிச் சொல்லில் குரலை இறக்கு

அந்த வாய் திறக்கிறது, மூடுகிறது, சத்தம் இல்லை, திரை முழுக்க ஒரு பெண்ணின் உதடுகள், மேலுதட்டில் வியர்வை, சாலிகிராமத்து டப்பிங் தியேட்டரில் மைக் முன்னால் நின்று அந்த உதடுகளுக்குக் குரல் கொடுக்க வேண்டிய மங்கையர்க்கரசிக்குக் குரல் எழவில்லை, முப்பது வருஷமாக யார் யாருக்காகவோ அழுது, சிரித்து, பிள்ளை பெற்று, செத்தும் போனவள், இப்போது ஒரு வரிக்கு வாயைத் திறக்க முடியவில்லை, ஏனென்றால் திரையில் அந்தப் பெண்ணின் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது, பக்கம் பக்கமாய்ப் பச்சை மையில் ஒரே கையெழுத்து, அந்த நோட்டை இந்த உலகத்தில் பார்த்தவர்கள் இரண்டே பேர்.

ரெடியா மேடம் என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து உதவி இயக்குநர் ஷெரின் கேட்கிறாள், நல்ல பெண், காலையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு இவள்தான் சொன்னாள், உண்மைக் கதை மேடம், இருபத்திரெண்டு வயசுல சப் கலெக்டர்னு சொல்லி ஊர் ஊரா ஏமாத்தினவன், உங்களுக்குச் சின்ன கேரக்டர்தான், அவன் தங்கின வீட்டுப் பொண்ணு, அரை மணி நேரத்துல முடிஞ்சிரும். எத்தனை படத்தில் எத்தனை ஏமாற்றுக்காரர்கள், அவள் ஒன்றும் நினைக்காமல்தான் உள்ளே வந்தாள், திரையில் அப்பா வரும் வரைக்கும். பையில் பேனா குத்திக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, தம்பி நம்ம மாடியிலேயே தங்கட்டும் என்று குழைகிற ஒரு கோமாளி, இவரா அப்பா, துறையூரில் தலைமையாசிரியர் சபாபதி வருகிறார் என்றால் சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்பானே, அந்த அப்பாவா இது, அடப்பாவிகளா.

ஆனால் மாடியில் தங்க வைத்தது நிஜம், டை கட்டிக்கொண்டு ஒல்லியாக வந்த சுகுமாரன் நிஜம், மூன்றாம் நாள் அவள் காபி கொண்டு மாடியேறுகிறாள், பத்தொன்பது வயது, அவன் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு பச்சை மையில் ஆபீசர் கையெழுத்தை எழுதி எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறான், அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான், உங்கப்பாகிட்ட சொல்லிருவீங்களா என்று கேட்டான். அப்பா என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாவம் பார்த்தாள் என்றால் அது பாதிப் பொய், அவனைப் பிடித்திருந்தது, தனக்கு மட்டும் ஒன்று தெரியும் என்பது அதைவிடப் பிடித்திருந்தது, நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆபீசர் எப்படிப் பேசுவான் என்று அவனுக்குப் பாடம் எடுத்தாள்.

அதற்குப் பிறகு அப்பா அவனை முழுசாக நம்பினார், அப்பாவை நம்பித் தெரு நம்பியது, பட்டாவுக்கும் வேலைக்கும் மனுவோடு பணமும் கொண்டுவந்து கொடுத்தது, நாற்பதாம் நாள் காலையில் மாடி காலி. அப்பா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி, நாந்தாங்க அவன நம்பச் சொன்னேன், மன்னிச்சிருங்க என்கிறார், அவள் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள், வாயைத் திறக்கவில்லை, அடுத்த ஆடிக்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அப்போதும் திறக்கவில்லை. தம்பி திருநாவு வீட்டில் இன்றைக்கும் அப்பா படம் கிடையாது, அந்தாளு பேராசையால எல்லார் முன்னாடியும் தலகுனிஞ்சோம்கா, படம் ஒண்ணுதான் கொறச்சலா என்பான், அவள் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

மேடம், ஒண்ணு சொல்லணும் என்கிறாள் ஷெரின், இந்த சீன் நிக்குமான்னே தெரியல, அவன் ஜெயில்ல சொன்னதுதான், டைரக்டர் நம்பல, பொய்யே பொழப்பா இருந்தவன் போற போக்குல ஒரு பொண்ணு மேல பழி போடறான்கிறாரு, உங்க வாய்ஸ்ல நம்பற மாதிரி வந்தா வைப்பாரு, இல்லன்னா தூக்கிருவோம்.

தூக்கிவிடுவார்கள். அவள் சப்பென்று சொன்னால் போதும், தொழில் தெரிந்தவளுக்குக் கெடுக்கவா தெரியாது, அவன் ஆயுசுக்கும் சொன்ன ஒரே உண்மையும் பொய்க் கணக்கில் சேர்ந்துவிடும், அப்பா மட்டும் ஊர் ஊராகத் திரையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். நன்றாகச் சொன்னால் திருநாவு கேட்பான், எந்தப் படமானாலும் முதல் சொல்லிலேயே அக்கா குரலைக் கண்டுபிடித்து, ஏய் இது அக்காடி என்று பெண்டாட்டியை இடிக்கிறவன், சினிமாவுக்காகச் சேர்த்ததுடா என்று அவனிடம் சொல்லவும் முடியாது, அவள் குரலில் பொய் எது, நிஜம் எது என்று அவனுக்குத் தெரியும். மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்கிறாள்.

போடும்மா என்றாள். உதடுகள் அசைந்தன, கேக்காதீங்க, சொல்லுங்க, முடியுமா சார், கெடைக்குமா சார்னு இழுத்தா மாட்டிக்குவீங்க, கடைசிச் சொல்லுல கொரல எறக்குங்க, அப்பா நம்பிருவாரு.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஷெரின் மெதுவாக, இது நிக்கும் மேடம், ஒரு தடவை போட்டுக் காட்டறேன் என்கிறாள். திரையில் அந்த வாய் திறக்கிறது, இப்போது அதற்குச் சத்தம் இருக்கிறது, பத்தொன்பது வயதுச் சத்தம், அப்பா நம்பிருவாரு என்று சொல்லிக் குரலை இறக்குகிறது, மைக் முன்னால் மங்கையர்க்கரசி அப்பா என்று கூப்பிடப் பார்க்கிறாள், வாய் திறக்கிறது, மூடுகிறது, சத்தம் இல்லை.