கரையில் நின்ற பெயர்

ரெத்தினம் இறந்த இருபத்தேழாம் நாள், அவருடைய மனைவி பொன்னுத்தாய் கீழ்வேளூருக்கு மேற்கேயுள்ள தன் ஊரிலிருந்து இரண்டு பேருந்துகள் மாறித் தஞ்சாவூர் வந்து சேர்ந்தாள். மருத்துவக் கல்லூரிச் சாலையில், ஒரு மருந்துக்கடையின் மாடியிலிருந்த மென்பொருள் அலுவலகத்தை விசாரித்துக் கண்டுபிடித்து, அறிவுமதியின் மேசைக்கு எதிரே அமர்ந்தாள். மடியிலிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக் கணவரின் கைப்பேசியை எடுத்து மேசைமீது வைத்தாள்.

"பாப்பா, இதைக் கொஞ்சம் பாரு."

திரையில் பச்சை நிறத்தில் ஒரு வரி இருந்தது: ரெத்தினம் – கரையில்.

"தெனம் காலையில எந்திரிச்சு போனைத் தொறந்தா இதுதான் நிக்குது. கரையில இருக்கேங்கறாரு. எந்தக் கரையிலன்னு நான் போயித் தேடுறது?"

அறிவுமதி கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த வரியைக் காட்டும் நிரலை எழுதியவள் அவள்தான். அதே ஊரிற் பிறந்து, பொன்னுத்தாயை அத்தை என்றும் ரெத்தினத்தை மாமா என்றும் அழைத்து வளர்ந்தவள். அதனாலேயே சென்ற ஆனி மாதத்தில் ஊர்ப் பாசனச் சங்கத்தார் அவ்வேலையை அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

ஊர் வயல்களில் தேங்கும் மழைநீர் முழுவதையும் ஆற்றுக்கு வெளியேற்றுவது ஒரே ஒரு வடிகால் மதகு. அதன் இரும்புக் கதவை ஷட்டர் என்பார்கள். அதை மோட்டாரால் தூக்கி இறக்குபவன் தங்கையன். மதகின் வாயில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டால், யாராவது நீரில் இறங்கி அதை அறுத்து இழுத்துப் போடவேண்டும். ஆள் நிற்கும்போது கதவு தூக்கப்பட்டாலோ, நீரின் இழுப்பு ஆளையும் மதகுக் குழாய்க்குள் கொண்டுபோய்விடும். ஆகவே இறங்குகிறவர் முதலில் தம் கைப்பேசியில், அறிவுமதி எழுதிய நிரலில், சிவப்புப் பொத்தானை அழுத்தவேண்டும். 'தண்ணீரில்' என்று பதிவாகும். ஏறியபின் பச்சையை அழுத்தினால் 'கரையில்' என்று பதிவாகும். ஒருவருடைய பெயரேனும் சிவப்பாக இருக்கும்வரையில் மோட்டார் ஓடாது.

ஐப்பசி அடைமழையில் ஒரு முற்பகல், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாத வேளையில், தங்கையன் தன் கைப்பேசியைப் பார்த்தான். எல்லாப் பெயர்களும் பச்சையாக இருந்தன. கதவைத் தூக்கினான். மறுநாள் மாலையில் ரெத்தினத்தின் உடல் மதகின் மறுபுறத்தில் அகப்பட்டது. சட்டையும், சட்டைப்பைக்குள் கைப்பேசியும், இப்புறத்துப் பூவரச மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

சங்கத்தார் கேட்டபோது அறிவுமதி தஞ்சாவூரில் இருந்தபடியே திரையைப் பார்த்து, "கரையில்னுதான் இருக்கு" என்று தொலைபேசியிற் சொல்லிவிட்டாள். ஊர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது.

"குடிச்சிட்டு, அமுக்காம எறங்கிட்டாருங்கறாங்க," என்றாள் பொன்னுத்தாய். "அவரு குடிப்பாரு, நான் இல்லேங்கல. ஆனா அமுக்காம எறங்குற மனுசன் இல்ல. குளத்துக்குக் குளிக்கப் போனாக்கூடச் செவப்பை அமுக்கிட்டுத்தான் காலை வைப்பாரு. ஷட்டர் ஓடலன்னதும் தங்கையன் போன் போட்டு, 'அண்ணே, சோப்புப் போட்டாச்சா, இல்ல இன்னும் முதுகு பாக்கி இருக்கா'ன்னு கேலி பண்ணுவான். அப்பேர்ப்பட்டவரு அன்னிக்கு மட்டும் விட்டிருப்பாரா? நீயே சொல்லு."

"இருங்க அத்தை. முழுசாப் பாக்கறேன்."

முழுமையாகப் பார்ப்பதை இந்த இருபத்தேழு நாளில் அவள் ஒருமுறையும் செய்ததில்லை. நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பல் துலக்கும்போதும், பேருந்தில் நிற்கும்போதும், பிறருடைய நிரலைத் திருத்தும்போதும் அந்தப் பச்சை வரி கண்முன் வந்து நின்றுகொண்டே இருந்தது. தான் எதற்கு அஞ்சுகிறாள் என்பது அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

கணினியிற் பட்டியலைத் திறந்தாள். யார் எப்போது எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது ஒரு வரியாக அதில் இருக்கும். மேலே பழையவை, கீழே புதியவை. நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். கடைசி வரிக்குப் போய், அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தாள். உடலைத் தேடி மதகின் மறுபுறத்தில் இறங்கி ஏறியவர்களின் வரிகள் ஆறு கடந்தன. ஏழாவதாக அவர் நின்றார்.

ரெத்தினம். தண்ணீரில். முற்பகல் பத்து நாற்பத்திரண்டு.

தங்கையன் கதவைத் தூக்கியது பத்து ஐம்பத்தைந்துக்கு.

காரணத்தைத் தேடி அவள் அலையவேண்டியிருக்கவில்லை. நிரல் ஒருவருடைய பெயரைப் பட்டியலின் தலையிலிருந்து தேடத் தொடங்கும். முதலில் அகப்படும் வரியோடு நின்றுவிடும். தொடக்கத்தில் அது சரியாகவே இருந்தது. ஏனெனில் அப்போது புதிய வரிகள் மேலே வந்து சேரும்படி அமைத்திருந்தாள். புரட்டாசிக் கடைசியில் சங்கத் தலைவர், "நோட்டுல எழுதுற மாதிரி பழசு மேல, புதுசு கீழ வரட்டும்மா, படிக்கத் தோதா இருக்கும்" என்றார். ஐந்து நிமிட வேலை. வரிசையைத் திருப்பினாள், தேடும் திசையைத் திருப்ப மறந்தாள். அன்றுமுதல் நிரல் எவருக்கும் அவருடைய ஆகப் பழைய வரியையே எடுத்துக் காட்டிவந்தது. அதன்பின் பத்து நாள் மழையில்லை, மதகில் ஒருவரும் இறங்கவில்லை, ஷட்டரைத் தூக்கவேண்டிய தேவையும் வரவில்லை, பிழை வெளிப்படவில்லை. பதினோராம் நாள் ரெத்தினம் இறங்கினார்.

"அத்தை, மாமா அமுக்கியிருக்காரு."

பொன்னுத்தாய் அழவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். "அப்பறம் ஏன் பச்சையாக் காட்டுது?"

"அவரு கடைசியா அமுக்கினதைப் பாக்காம, மொத மொதல்ல அமுக்கினதைப் பாத்திருக்கு. நான் எழுதினதுல இருந்த தப்பு."

"மொதல்லயா?" பொன்னுத்தாயின் முகம் மாறியது. "அது நான் போடச் சொன்னதுல்ல?"

ஆம். இந்த ஏற்பாட்டின் திறப்பு விழாவன்று, ரெத்தினம் உட்பட மதகில் வேலை பார்க்கும் பதினொரு பேர் புதுக் கைப்பேசிகளோடு மதகடியில் வரிசையாக நின்றார்கள். சோதனைக்காகச் சிவப்பை அழுத்துமாறு அறிவுமதி சொன்னபோது, கற்பூரத்தட்டோடு நின்ற பொன்னுத்தாய்தான் குறுக்கே விழுந்து தடுத்தாள். "நல்ல நாளும் அதுவுமா, மொத வார்த்தையே தண்ணிக்குள்ளன்னா பதிவாங்க? கரையிலன்னு போடுங்கய்யா!" பெண்கள் எல்லோரும் அதுவே சரியென்றார்கள். பதினொருவரும் பச்சையை அழுத்தினார்கள். பதினொருவருடைய முதல் வரியும் 'கரையில்' என்றே அமைந்தது. நூறாண்டு கழிந்து பார்த்தாலும் அது அப்படியேதான் இருந்திருக்கும்.

"நீங்க சொன்னது நல்லதுக்குத்தான் அத்தை. அதை மட்டும் படிச்சிட்டு நின்னது என்னோட தப்பு. உங்களது இல்ல."

அறிவுமதி நிரலைத் திறந்து, தேடல் பட்டியலின் கடைசியிலிருந்து தொடங்கும்படி ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். ஆனால் அதை அனுப்புமுன் அவளுடைய விரல் தயங்கியது.

"இதைச் சரி பண்ணினா மாமா பேரு செவப்பாயிடும். எல்லாரு போன்லயும்."

"நெசமான நெறம் அதானே?"

"ஆமா."

"அப்ப மாத்து."

மாற்றிய நான்காம் நிமிடம் அறிவுமதியின் கைப்பேசி அடித்தது. தங்கையன்தான். அவன் குரலுக்குப் பின்னால் மழை இரைந்தது.

"ஏம்மா அறிவு... ரெத்தினம் அண்ணன் தண்ணிக்குள்ள இருக்காருன்னு காட்டுதும்மா."

"தெரியும்ண்ணே."

"விடியக்காலையிலேருந்து மழை. சம்பா முழுகிக் கெடக்கு. ஷட்டரைத் தூக்கலாம்னு வந்தா மோட்டார் ஓட மாட்டேங்குது."

"கையால சக்கரத்தைச் சுத்தித் தூக்கலாம்ல?"

"உள்ள இருக்காருங்குதே. திருப்பியும் நான் எப்படிம்மா அதுல கை வைப்பேன்?" என்றான்.

பொன்னுத்தாய் கைநீட்டிக் கைப்பேசியை வாங்கினாள். "தங்கையா, நாங்க வர்றோம். வர்ற வரைக்கும் எதையும் தொடாத."

திருவாரூர் வழியாகப் பேருந்து சென்றது. சாலையின் இருபுறமும் வயல்கள் வரப்புத் தெரியாமல் ஒரே நீராய்க் கிடக்க, பயிரின் நுனிகள் மட்டும் வெளியே நின்றன. சிவந்துவிட்ட அந்த வரியின்மேல், குளிரில் நடுங்குபவரைப் போர்த்துவதுபோல, பொன்னுத்தாய் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தாள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு மதகடியில் இருபது பேருக்குமேல் கூடியிருந்தார்கள். குடை பிடித்தவர்கள் சிலர். உரச்சாக்கைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டவர்கள் பலர். தலைவர் அறிவுமதியைத் தனியே அழைத்தார்.

"அந்தப் பேரைப் பட்டியல்லேருந்து எடுத்துவிட்டுரும்மா. இன்னும் ஒரு நாள் நின்னா பயிரு அழுகிப்போயிடும்."

அது எளிய காரியம். மூன்று விசைகளில் முடிந்துவிடும். பெயர் போனால் பெயரோடு பத்து நாற்பத்திரண்டும் போய்விடும். அறிவுமதியின் பிழையும் போய்விடும். ஒரு கணம் அந்த எளிமை அவளைத் தொட்டது. பின்பு அவள் கூட்டத்தை நோக்கித் திரும்பினாள்.

"மாமா செவப்பை அமுக்கிட்டுத்தான் எறங்கினாரு. பத்து நாப்பத்திரண்டுக்கு. நான் எழுதினது அதைப் படிக்காம, தொறப்பு விழா அன்னிக்குப் போட்ட பச்சையைப் படிச்சிருச்சு. நீங்க கேட்டப்பவும், சரியாப் பாக்காமலே கரையில்னு சொன்னேன். ரெண்டும் என் தப்பு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

"படிச்ச புள்ளைன்னு நம்பி ஊரையே ஒப்படைச்சோம் பாரு," என்று ஒருவர் சாக்குக்குள்ளிருந்து சொன்னார். தங்கையன் மதகுச் சுவரில் சரிந்து உட்கார்ந்தான். "அமுக்கியிருக்காரு... அமுக்கிட்டு நின்னிருக்காரு... நான் தூக்கியிருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

"நீ பாத்துட்டுத்தானேடா தூக்குன," என்றாள் பொன்னுத்தாய்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "குடிச்சிட்டு எறங்கினாருன்னு இனிமே எவனும் பேசக்கூடாது. நானுந்தான் பேசுனேன், தப்புத்தான்." பிறகு தணிந்த குரலில், "அந்தப் பச்சையை அமுக்கிவிட்டுரு பொன்னுத்தாயி" என்றார்.

"செவப்பு எரிஞ்சா என்ன செய்யணும்னு சட்டம் போட்டீங்க?"

"எறங்கிப் பாக்கணும்னு."

"பாத்தீங்களா?"

நுரையும் தாமரைத் தண்டுகளுமாக மதகின் வாயிற் கரும்பச்சை நீர் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. இருபத்தேழு நாளாக அதனுள் ஒருவரும் கால் வைத்ததில்லை.

தங்கையன்தான் எழுந்தான். சட்டையைக் கழற்றினான். இடுப்பிற் கயிற்றைக் கட்டி மறுமுனையைத் தலைவரிடம் கொடுத்தான். தன் கைப்பேசியில் சிவப்பை அழுத்தினான். எல்லோருடைய திரையிலும் இரண்டு பெயர்கள் தண்ணீரில் இருந்தன.

நெஞ்சளவு நீரில் நின்று காலால் துழாவினான், மூழ்கினான், எழுந்தான், மறுபடியும் மூழ்கினான். கை நிறையத் தாமரை வேர்களோடு வெளியே வந்தான்.

"யாரும் இல்ல அண்ணி."

"வலது பக்கம் பாத்தியா? அவரு எப்பவும் வலது பக்கந்தான் நிப்பாரு."

தங்கையன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். பித்து என்று எண்ணியவர்கள் அங்கே இருந்திருக்கலாம், அவன் எண்ணவில்லை. திரும்பி வலப்புறம் சென்று மூழ்கினான். இம்முறை நேரமாயிற்று. கயிறு அசையாமல் நின்றது. தலைவர் அதை இழுக்கலாமா என்று சுற்றிலும் பார்த்தார். ஒருவழியாக அவன் தலை தெரிந்தது. கரையேறியபின்னும் அவன் பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன.

"நல்லாப் பாத்துட்டேன் அண்ணி. யாரும் இல்ல." தன் பச்சையை அழுத்தினான்.

பொன்னுத்தாய் கணவரின் கைப்பேசியை முந்தானையால் துடைத்தாள். பட்டியலின் கடைசியில் அவர் பெயரில் இனி வரப்போகும் ஒரே வரி அது என்பதை அங்கே அறிவுமதி மட்டும் நினைத்துப் பார்த்தாள். பொன்னுத்தாய் கட்டைவிரலால், அவசரமின்றி, பச்சையை அழுத்தினாள்.

மோட்டார் உறுமியது. கதவு எழ, நீர் பேரிரைச்சலோடு குழாய்க்குள் பாய்ந்தது. எல்லோரும் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறிவுமதி பொன்னுத்தாயைப் பார்த்தாள். மதகின் வாயையொட்டி, இருவர் நிற்பதற்குப் போதாத அந்தக் குறுகிய கரையில், பக்கத்தில் இன்னொருவர் நீரிலிருந்து ஏறி வந்து நிற்பதற்கு இடம் விடுவதுபோல, அவள் ஓரடி விலகி நின்றாள்.