நூற்றுப் பதினாலு கிலோ

படகில் உட்கார்ந்தால் அண்ணிக்குத் தெரிவது ஒரே காட்சிதான்: நாத்தனாரின் முதுகு. துடுப்புப் பந்தயத்தில் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். எவன் கண்டுபிடித்தானோ, பிழைக்கத் தெரியாதவன். எல்லாரும் வந்த வழியைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேருவார்கள். இருவர் படகில் அண்ணியின் இடத்தில் உட்கார்ந்தவளுக்கோ அந்த வந்த வழியும் பாதிதான் தெரியும். நாலு வருஷமாக அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து அதைப் படிக்கக் கற்றிருந்தாள். தோள் தூக்கியிருந்தால் தூக்கம் போதவில்லை. கழுத்து விறைத்திருந்தால் அண்ணனோடு சண்டை. இரண்டும் இல்லையென்றால் பசி.

பெரும்பாலும் பசிதான்.

நாத்தனாருக்குப் படகுக் கொட்டகையில் கொக்கு என்று பேர். நெடுநெடுவென்று கையும் காலும் வளர்ந்த பெண். இருபது வயதாகியும் உடம்பு இன்னும் நிறுத்தவில்லை. அண்ணிக்கு முப்பத்து நாலு வயது, ஆள் குள்ளம், பகலில் மருந்துக் கடையில் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில், பள்ளிக்கூடத்துப் பெண்ணாக வாசலில் நின்றவளின் நீளக் கைகளைப் பார்த்து, "படகுக்கு வர்றியா?" என்று கேட்டதே அவள்தான். பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த ஒரு கேள்விதான் காரணம் என்று தன்னையே திட்டிக்கொள்ள அவளுக்கு நிறைய நேரம் கிடைத்தது.

இந்த விளையாட்டு ஒரு காலத்தில் பெரிய உடம்புக்காரர்களின் சொத்தாக இருந்தது. பனைமரம் போல நாலு பேர் ஒரு படகில் உட்கார்ந்து இழுத்தால் சின்ன உடம்புக்காரர்கள் என்ன செய்ய முடியும்? பதக்கங்கள் சில நாடுகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தன; மற்றவர்கள் கரையில் நின்று கை தட்டினார்கள். அப்புறம் யாரோ புண்ணியவான்கள் யோசித்து, எடை குறைந்தவர்களுக்கென்று தனிப் பிரிவு கொண்டுவந்தார்கள். பெண்கள் இருவர் படகென்றால், இரண்டு பேரும் சேர்ந்து நூற்றுப் பதினாலு கிலோவைத் தாண்டக் கூடாது. சேர்ந்து என்பதுதான் இதில் விஷயம். ஒருத்தி ஏறினால் இன்னொருத்தி இறங்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் ஒரே சோப்பை வைத்துக்கொண்டு குளிப்பது மாதிரி.

அந்தப் பிரிவைத்தான் இப்போது தூக்கப் போகிறார்கள். மழைக்காலத்தில் ஒருநாள், படகைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோது மாஸ்டர் வந்து சொன்னார். மாஸ்டர் என்றால் அவர்களுடைய பயிற்சியாளர், பேச்சில் கஞ்சன்.

"வர்ற பெரிய போட்டியோட சரி. அதுக்கப்புறம் எடைப் பிரிவு கிடையாது. அதுக்குப் பதிலா கடல்ல ஓட்டுற பந்தயம் வருது. மணல்ல ஓடிப் போயி படகுல ஏறணுமாம்."

"ஓடத் தெரிஞ்சா நான் ஏன் மாஸ்டர் உக்காந்துட்டு விளையாடுற விளையாட்டுக்கு வர்றேன்?" என்றாள் அண்ணி.

கொக்கு சிரித்தாள். மாஸ்டர்கூடச் சிரித்தார். அண்ணி துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். எடைப் பிரிவு போனால் கொக்கு எடையைக் கூட்டிக்கொண்டு பெரிய படகில் ஏறிவிடுவாள். அவளுக்கு அதற்கான உடம்பு இருக்கிறது. அண்ணிக்கு இந்த ஒரு படகை விட்டால் உலகத்தில் வேறு படகு இல்லை. கோடையில் ஒரு தகுதிப் பந்தயம். முதல் மூன்று படகுகளுக்கு உலகப் பெரும் போட்டியில் இடம். இத்தனை வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவள் காத்திருந்தது அதற்குத்தான்.

ஆனால் கொக்குவின் உடம்புக்கு இந்த நியாயமெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு வளர்ந்தது. அவள் ஏற ஏற அண்ணி இறங்கினாள். மருந்துக் கடை வாசலில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று உண்டு; கடைக்கு வருகிறவர்கள் ஏறி நின்று, கூடிவிட்டது என்று முகத்தைச் சுளிப்பார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவாள். முடி கொட்டியது. மாதவிலக்கு நின்று எத்தனையோ மாதமாயிற்று. படிக்கட்டில் ஏறினால் கண் இருட்டியது. கன்னம் ஒட்டிப்போன முகத்தைப் பார்த்துவிட்டு முதலாளி, "மருந்துக் கடையில இருந்துக்கிட்டு இப்படியாம்மா இருக்கிறது? வர்றவங்க பயந்துடப் போறாங்க" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்தச் சண்டை வந்தது. பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்து, சமையலறை மேடையில் சாய்ந்தபடி கொக்கு ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். யானைப் பசிக்குச் சோளப்பொரி, பாவம். அளந்து வைத்த ரொட்டி முடிந்து இன்னொன்றை எடுத்தாள். அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

"தின்னு. நல்லாத் தின்னு. நீ திங்கிற ஒவ்வொரு வாய்க்கும் என் எலும்பைச் சுரண்டித்தானே கணக்குக் காட்டணும்."

கொக்கு வாயில் இருந்ததை மெல்லாமல் நின்றாள். பிறகு ரொட்டியை மேடைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த நொடியே அண்ணிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது; மன்னிச்சுக்கோ என்றால் மட்டும் வெந்துவிடுமா? ஆனால் அவள் சொல்லவில்லை. அன்று சொல்லாததை மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. படகில் வேலைப் பேச்சு மட்டும். வீட்டில் அதுவும் இல்லை. நடுவில் அவள் புருஷன், கொக்குவின் அண்ணன், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று இருந்தான்.

"ரெண்டு பேரும் ஒரே படகுலதானே போறீங்க? பேசிட்டுத்தான் போனா என்ன?" என்றான் ஒருநாள்.

"பேசினா மூச்சு வீணாப் போகும்" என்றாள் அவள்.

பந்தயம் வேறு ஊரில், நீளமான ஒரு ஏரியில். முந்தின நாள் சாயங்காலம் விடுதி அறையில் மாஸ்டர் தராசை வைத்து இருவரையும் ஏற்றினார். சேர்த்துப் பார்த்தால் இரண்டு கிலோ அதிகம்.

"ஆளுக்கு ஒரு கிலோ. காலையில வேர்வை ஓட்டம்" என்றார். மறுநாள் கூட்டுக் கணக்கை நடுவர்கள் எடை பார்க்கும் மேடையில்தான் பார்க்க முடியும். அவருக்கு அதிகாலையிலேயே படகின் பாகங்களைப் பூட்டித் தயார்செய்கிற வேலை இருந்தது. "நீ ஏரிக்கு இந்தப் பக்கம், அவ அந்தப் பக்கம். ஒண்ணா ஓடினா சண்டை போடுவீங்க. ஆளுக்கு ஒண்ணு, புரியுதா?"

இருவரும் தலையை ஆட்டினார்கள்.

அன்று படுக்கையில் அண்ணி ஒரு முடிவுக்கு வந்தாள். இரண்டு கிலோவையும் தானே இறக்கிவிடுவது. கொக்கு தண்ணீர் குடித்துத் தெம்பாக உட்கார்ந்து இழுக்கட்டும். படகின் இஞ்சின் அவள்தானே. அவள் உடம்பு எப்படியும் லேசில் இறங்காது; முழு எடையோடு வந்து நின்றாலும் மேடையில் கணக்கு சரியாக இருக்கும். அதைப் பார்த்து அவளே புரிந்துகொள்வாள். வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கிற வேலை மிச்சம். வீம்பு பிடித்தவர்களுக்கு மன்னிப்புக் கேட்பதைவிடப் பட்டினி கிடப்பது சுலபம். பக்கத்துக் கட்டிலில் கொக்கு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அண்ணி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

காலையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டைகளைப் போட்டு, மேலே மழைக்கோட்டும் மாட்டிக்கொண்டு ஓடினாள். வெயில் ஏறியது. மாஸ்டர் சொன்ன நேரம் முடிந்தும் ஓடினாள். பிறகு, அவர்கள் வந்த வேனின் கதவை இழுத்துச் சாத்தி உள்ளே போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துப்புவதற்கு எச்சில்கூட வரவில்லை. வேர்வை நிற்கத் தொடங்கியபோது, இது நல்லதில்லை என்று மருந்துக் கடைக்காரிக்குத் தெரியும். ஆனால் அவள் நினைத்ததெல்லாம் கொக்குவின் முகம் எப்படி மாறும் என்பதைத்தான்.

எடை மேடையில் முதலில் அண்ணி ஏறினாள். நடுவர் அம்மா எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். சரியாக இரண்டு கிலோ இறங்கியிருந்தது. மாஸ்டர் புருவத்தைச் சுருக்கினார்.

அடுத்து கொக்கு ஏறினாள். அப்போதுதான் அண்ணி அவளை நேராகப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. கண் குழிந்திருந்தது. நடுவர் அம்மா எண்ணைப் பார்த்தார். இறங்கச் சொல்லி மறுபடி ஏறச் சொன்னார். அதே எண்தான். அவளும் இரண்டு கிலோ இறக்கியிருந்தாள்.

"தாராளமாத் தகுதி. போங்க" என்றார் நடுவர் அம்மா.

ஒரே சுமையை இரண்டு பேரும் ஆளுக்கொரு தடவை இறக்கியிருக்கிறார்கள். மாஸ்டர் தண்ணீர் எடுக்க ஓடினார். அவர் ஓடி அவர்கள் பார்த்ததில்லை.

"ஏன்டி?" என்றாள் அண்ணி. இரண்டு வாரத்துக்கு அப்புறம், படகு வேலையைச் சேராத முதல் பேச்சு அதுதான்.

"நீங்கதானே சொன்னீங்க, எலும்பைச் சுரண்டுறேன்னு." கொக்குவின் குரல் காய்ந்து உடைந்தது. "ஒருநாளாவது நீங்க தண்ணி குடிச்சிட்டு ஓட்டட்டும்னு பார்த்தேன். நீங்க ஏன் அண்ணி?"

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை இருவரும் குடித்தார்கள். அண்ணி குடித்ததில் பாதி வெளியே வந்துவிட்டது. வாழைப்பழத்தைக் கொக்கு வாயில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் நின்றாள். முந்தின ராத்திரி ஒரு பேச்சு செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு பாட்டில் தண்ணீரா செய்யும்?

ஆனாலும் ஓட்டினார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். கொடி விழுந்ததும் படகு பாய்ந்தது. பாதித் தூரம் தாண்டும்போது ஆறு படகில் இரண்டாவதாக இருந்தார்கள். அண்ணிக்கு எதிரே அதே முதுகு. பனியன் நனையவே இல்லை. இவ்வளவு வெயிலில், இவ்வளவு உழைப்பில், ஒரு பொட்டு வேர்வை இல்லாத முதுகை அவள் இதுவரை பார்த்ததில்லை. முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் துணிக்குள் ஏறி இறங்கியது. இரண்டு வாரமாக இந்த முதுகுதானே கண்முன்னால் இருந்தது? கோபத்தில் விறைத்திருக்கிறது என்றுதான் படித்தாள். அது கோபமே இல்லை.

கடைசிக் கால் பங்கில் அண்ணியின் தொடை இரண்டும் கல்லாக இறுகின. விட்டுவிடலாமா என்று உடம்பு கேட்டது. "இருக்கேன்டி, இழு" என்று கத்தினாள், சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. முன்னால் அந்த முதுகு ஒருமுறை இடதுபக்கம் சாய்ந்தது. கொக்குவின் விரல்கள் பிடிப்பிலிருந்து நழுவி, துடுப்பு தண்ணீருக்குள் சிக்கிக்கொண்டது. ஒரு வீச்சு தவறியது. அவள் இழுத்துப் பிடித்து, மறுபடி சேர்ந்துகொண்டாள். அந்த ஒரு வீச்சில் பக்கத்துத் தடத்துப் படகு தாண்டியது, கோட்டருகில் இன்னொன்று.

நாலாவது. படகின் மூக்கு நீளம்கூட வித்தியாசம் இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவர்களுக்கு அந்த வாயே காய்ந்து கிடந்தது.

கரையில் இறங்கிய பிறகு கொக்கு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணி அவள் தலையில் தண்ணீர் ஊற்றினாள். மாஸ்டர் படகைத் தூக்கி வைத்துவிட்டு வந்து, திட்டுவார் என்று பார்த்தால், "நான் உங்களை ஒண்ணா ஓட விட்டிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கும்போது பெரிய படகுக் குழுவின் பயிற்சியாளர் அம்மா வந்தார். கொக்குவின் தோளைத் தொட்டுப் பார்த்தார். "கையோட நீளத்தைப் பார்த்தேன். அடுத்த மாசம் எங்க முகாமுக்கு வந்துடு. முதல்ல நல்லாச் சாப்பிடு, இன்னும் ரொம்பக் கூட்டணும்" என்றார். அண்ணியைப் பார்த்தும் மரியாதையாகச் சிரித்தார். அண்ணிக்குச் சொல்ல அவரிடம் வேறொன்றும் இல்லை. அவர் மேல் தப்பும் இல்லை.

அவர் போனதும் கொக்கு தட்டைத் தள்ளி வைத்தாள். "நான் போகல."

"போவ."

"உங்களை விட்டுட்டா?"

"என்னை விட்டுட்டுத்தான். அந்தப் படகுல எனக்கு எங்கடி இடம்?" அண்ணி தட்டை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினாள். "அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ."

வாய் வெந்துவிடவில்லை. இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கொக்கு அழுதுகொண்டே ஒரு வாய் எடுத்தாள்.

"இறங்க மாட்டேங்குது அண்ணி."

"இறக்கு. இனிமே உன் எடை உன்னோடது."

"அப்ப உங்களோடது?"

அண்ணி யோசித்தாள். கேட்ட கேள்விக்கு நேரான பதில் ஒன்றுதான் இருந்தது.

"அதை இனிமே யாரும் கேக்க மாட்டாங்கடி."

அவளும் ஒரு ரொட்டியை எடுத்தாள். பழக்கத்தில், கடிப்பதற்கு முன்னால், கொக்குவின் தட்டில் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். தட்டு நிறைய இருந்தது. அண்ணி தன் ரொட்டியைக் கடிக்காமலே திருப்பி வைத்துவிட்டாள்.