கொழுப்பு போடாத மீ

தியாம் ஹொக் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. எழுபத்திரண்டு வயதில் அவர் நம்பியது கிள்ளான் ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் பழைய ஹொக்கியன் மீ நூடுல்ஸ் கடையின் கரி அடுப்பை மட்டும்தான். அதையும் சமையல்காரன் கை தெரிகிற மேசையில் உட்கார்ந்துதான் நம்புவார்.

மனைவி குவெக் லானுக்குத் தொண்டையில் கதிர்வீச்சு கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. நாக்கில் ருசியே போய்விட்டது. கஞ்சியும் ஒன்றுதான், கறியும் ஒன்றுதான் என்று எல்லாவற்றையும் தள்ளி வைத்தாள், ஆள் பாதியாகிவிட்டாள். ருசி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர். இதெல்லாம் ஒரு பதிலா என்று தியாம் ஹொக் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சண்டை போட்டுவிட்டு வந்தார்.

இன்று காலையில் அவளாகவே, மீ சாப்பிடப் போகலாமா என்று கேட்டாள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆனால் அந்த மருத்துவர் சொன்னதில் ஒன்று மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது. கொழுப்பு ஆகாது. நம்பாதவனுக்குத்தான் பயம் அதிகம். அவளை மேசையில் உட்கார வைத்துவிட்டு நேரே அடுப்பண்டை போனார். கியாட் செங் அந்த அடுப்பில் நிற்கும் மூன்றாவது தலைமுறை. அவளுக்கு மட்டும் பன்றிக்கொழுப்பு வேண்டாம், பொரித்த கொழுப்புத் துண்டும் வேண்டாம், வெறும் எண்ணெயில் வறுத்துக் கொடு என்று கேட்டார். அவன் கரண்டியைக் கீழே வைத்தான். சுவரில் இருந்த தாத்தா படத்தைக் காட்டி, முதலில் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டுங்கள், அப்புறம் கேளுங்கள் என்றான். தியாம் ஹொக் வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சியதில்லை. இன்று கெஞ்சினார்.

அங்கே இரண்டு பேர் போனால் ஒரே சட்டியில் வறுத்து ஒரே பெரிய தட்டில்தான் வைப்பார்கள். நாற்பது வருடமாக இருவரும் ஒரே தட்டில்தான் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். இன்று இரண்டு தட்டு வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். தனித்தனியாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் மருத்துவர் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னார்.

ஒரு வாய் எடுத்தாள். வெகுநேரம் மென்றாள். அவர் தன் தட்டைத் தொடாமல் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணுமே தெரியல."

அவ்வளவுதான். ருசி போயே போய்விட்டது என்று அவருக்குத் தோன்றியது. இறால் போட்டிருக்கிறது, பூண்டு போட்டிருக்கிறது, கறுப்பு சோயா சாறு ஊற்றியிருக்கிறது. இதுகூடத் தெரியாத நாக்கு இனி எதைக் கண்டுபிடிக்கப் போகிறது? இரண்டு மாதம்தானே ஆகிறது, சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகுமாம் என்று ஏதோ சொன்னார்.

அடுப்பிலிருந்து இதைக் கவனித்த கியாட் செங் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டான். எதைப் பொறுத்தாலும் பொறுப்பான், தன் கடையில் தட்டில் சாப்பாடு மீதமாவதைப் பொறுக்கமாட்டான்.

"அக்கா, இது என் மீ இல்ல. உங்க வீட்டுக்காரரு மீ. கொழுப்பு போடாதடான்னு என் கால்ல விழாத கொறதான்."

குவெக் லான் கணவனைப் பார்த்தாள். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். கொழுப்புத் துண்டோடு சேர்த்து ஒரு வாய். அப்புறம் இன்னொரு வாய். அவருக்குக் கேட்கவே தைரியம் வரவில்லை.

"கொழுப்பு கொஞ்சம் கருகிப்போச்சு, செங்," என்றாள்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் கியாட் செங் கடையை விட்டு வெளியே அனுப்பியிருப்பான். "ஆமாக்கா, தீ கொஞ்சம் ஏறிடுச்சு," என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

தியாம் ஹொக்குக்கு அப்போதும் சந்தேகம். "நெசமாவே தெரியுதா? என் மனசு கஷ்டப்படுமேன்னு சும்மா சொல்லாத."

"நாப்பது வருஷத்துல என்னைக்குக் கிழவா உன் மனசப் பாத்துப் பேசியிருக்கேன்?"

அது உண்மைதான். இருந்தாலும் அவள் தள்ளி வைத்த தட்டை இழுத்துத் தானே ஒரு வாய் போட்டுப் பார்த்தார். துணியை வேகவைத்த மாதிரி இருந்தது. ஒரு ருசியும் இல்லை. அதை ஒரு இழை விடாமல் தின்று முடித்தார்.