முன்னால் நின்ற சைபர்

ஏழு மணி ஷிப்டுக்கு ஆறே முக்காலுக்கே வந்து, ஆஸ்பத்திரியின் பின்கேட்டில் நாற்பத்துமூன்று பேர் நின்றார்கள். அட்டையைக் காட்டக் காட்ட மெஷினில் சிவப்பு விளக்குத்தான் எரிந்தது.

"இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு லேட். மூணாவது விழுந்தா வேலை போயிடும்யா," என்றாள் சலவைக்காரி. காவலாளி கையை விரித்தார்.

ஆபீசில் பட்டியலைத் திறந்ததுமே டைப்பிஸ்டுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒப்பந்த ஆட்களின் எண்கள் சைபரில் தொடங்கும். பார்க்க லட்சணமாக இல்லை என்று அதிகாரி நேற்று மாலை அந்த எண்கள் இருந்த பத்தியை 'நம்பர்' என்று மாற்றி மெஷினில் ஏற்றியிருந்தார். முன்னால் நின்ற சைபர்களைக் கம்ப்யூட்டர் விழுங்கிவிட்டது.

"எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு சைபர் போடு, தீர்ந்தது," என்றார் அதிகாரி.

"ஆகாது சார். சிலருக்கு ஒண்ணு, சிலருக்கு ரெண்டு. சலவை அக்கா 0417, பாய்லர் அண்ணன் 00417. இப்ப ரெண்டு பேருமே வெறும் 417-ஆ நிக்கிறாங்க."

டைப்பிஸ்ட் அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றினாள். இனி அடிக்கிற சைபர் நிற்கும். போனது யானை வாயில் போன கரும்புதான். தாளும் பேனாவுமாகக் கேட்டுக்கு ஓடினாள். ஒவ்வொரு அட்டையையும் வாங்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து எழுதினாள். தேய்ந்த அட்டைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தாள்.

"சீக்கிரம்மா!" என்றார் பாய்லர்காரர்.

"எடுத்தேன் கவிழ்த்தேன்னு எழுதினா உங்க பேர்ல வேற யாராவது உள்ள போவாங்கண்ணே."

திரும்பி வந்து அடித்து, விரல் வைத்து இரண்டு முறை சரிபார்த்தாள். நாற்பத்துமூன்றில் ஒரு பிழை இல்லை. அந்தக் கைக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். எட்டு பத்துக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

"நீ நல்லா இருக்கணும் கண்ணு!" என்று ஜன்னலில் கத்திவிட்டு ஓடினாள் சலவைக்காரி.

பத்து மணிக்கு வருகைப் பட்டியல் வந்தது.

"ஏழுக்கு மேல வந்தவங்களுக்கெல்லாம் லேட் போடு," என்றார் அதிகாரி.

"அவங்க நேரத்துக்கு வந்துட்டாங்க சார். தப்பு நம்ம பட்டியல்ல."

"மெஷின்ல எட்டு பத்துன்னு இருக்கு."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அதிகாரி குனிந்து தாமே அடித்துக்கொண்டு போனார். திரையில், 0417, லேட், 3. அவள் போட்ட சைபர் அதன் இடத்தில் ஒழுங்காக நின்றது. ஜன்னலுக்கு வெளியே, ஈர விரிப்பை உதறிக் கொடியில் போட்ட சலவைக்காரி அவளைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள்.